வீட்டு ஷெட்டுக்கு டிக் மெஷின்: டிசி போதுமா, ஏசி/டிசி-க்கே போகவேண்டுமா?

#1 சைக்கிள்கிறுக்கன் (ஈரோடு)

வணக்கம். ஒரு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போது கேட்க ஒரு விஷயம் வந்துவிட்டது. பழைய சைக்கிள்களை வாங்கிச் சரிசெய்வது என் பொழுதுபோக்கு. ஆபீஸ் விட்டு வந்தால் ராத்திரி ஒன்பதரை வரை கார் ஷெட்டில்தான் இருப்பேன். சின்ன ஆர்க் மெஷின் (ராடு வைத்து ஒட்டும் வெல்டிங் மெஷின்) ஒன்று இருக்கிறது, அதை வைத்து கேட் கீல், கட்டில் கால், மாடிப்படிக் கம்பி எல்லாம் ஒட்டியிருக்கிறேன். ஆனால் 1 மி.மீ. எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப்பில் சைக்கிளுக்கு முன்பக்கக் கேரியர் செய்யப் போனபோது பைப்பைவிட ஓட்டைதான் அதிகமாக மிஞ்சியது. சின்ன ராடு போட்டுப் பார்த்தேன், ஆம்பியரைக் குறைத்துப் பார்த்தேன். குறைத்தால் ராடு ஒட்டிக்கொள்கிறது, கூட்டினால் ஓட்டை.

அதனால் டிக் (டங்ஸ்டன் முனையில் ஆர்க் பிடித்து, ஆர்கான் கேஸ் போர்வையில் ஒட்டும் வெல்டிங்) வாங்குவது என்று முடிவு. பட்ஜெட் 30 ஆயிரம். மூன்று குழப்பம். டிசி மட்டும் இருக்கும் மெஷின் போதுமா, இல்லை ஏசி/டிசி வாங்கவேண்டுமா? (அலுமினிய ஃபிரேம் ஒட்டும் ஆசையும் கொஞ்சம் உண்டு.) வீட்டு சிங்கிள் பேஸில் ஓடுமா? ஆன்லைனில் 9 ஆயிரத்துக்கு "டிக் 200" என்று போட்டிருக்கிறார்களே, அதற்கும் 20 ஆயிரம் மெஷினுக்கும் என்ன வித்தியாசம்?

#2 பாய்லர்தாத்தா (திருச்சி)

தம்பி, மெஷினைப் பிறகு பார்க்கலாம். நாளைக்கு உங்கள் ஊர் கேஸ் ஏஜென்சிக்குப் போய், தனி ஆளுக்கு ஆர்கான் கொடுப்பார்களா, சின்ன சிலிண்டர் உண்டா, காலியானால் அதையே நிரப்பித் தருவார்களா அல்லது வேறொன்றை மாற்றித் தருவார்களா என்று கேட்டு வாருங்கள். டிக் மெஷின் வாங்கிவிட்டு கேஸ் கிடைக்காமல் அதைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிற இரண்டு பேரை எனக்குத் தெரியும். அதில் ஒருவர் என் மச்சான்.

கடையில் "டிக்" என்று கேட்டால் சில இடத்தில் விழிப்பார்கள். ஆர்கான் வெல்டிங் என்று சொல்லுங்கள்.

#3 கோவைமோட்டார் (கோயம்புத்தூர்)

ஏசி/டிசி வாங்குங்கள், வேறு பேச்சே வேண்டாம். நான் முதலில் டிசி மட்டும் வாங்கினேன். எட்டே மாதத்தில் ஒரு பழைய பம்ப் கேசிங் வந்தது, அலுமினிய வார்ப்பு, விரிசல். அதைக் கையில் வைத்துக்கொண்டு மெஷினைப் பார்த்தேன், மெஷின் என்னைப் பார்த்தது. பிறகு அதைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு ஏசி/டிசி வாங்கினேன். இரண்டு முறை செலவு.

புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன், அலுமினியத்துக்கு ஏன் ஏசி என்றால் அதன் மேல் எப்போதும் ஒரு ஆக்சைடு தோல் இருக்கும். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும், ஆனால் அந்தத் தோல் உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். டிசி-யில் டார்ச்சை (டங்ஸ்டனைப் பிடித்திருக்கும் கைப்பிடியை) நெகட்டிவில் வைத்துச் சுட்டால் உள்ளே தண்ணீர் மாதிரி ஆகிவிடும், மேலே தோல் அப்படியே பை போல நிற்கும், ஒன்றோடொன்று சேராது. ஏசி-யில் கரண்ட் திரும்பும் பாதி சுற்றில் அந்தத் தோல் உடைந்து சுத்தமாகிறது, மறுபாதியில் உருகுகிறது. அந்த இரண்டையும் கூட்டிக் குறைக்கத்தான் ஏசி மெஷினில் பேலன்ஸ் குமிழ் தனியாக வைத்திருக்கிறார்கள்.

#4 பியூஸ்கேரியர்

சிங்கிள் பேஸ் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், வெல்டிங்கைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது, வயரிங்தான் என் வேலை.

டிக்கில் ஆர்க் வோல்டேஜ் ரொம்பக் குறைவு. கணக்குக்கு 10 வோல்ட், அதோடு ஆம்பியரை 0.04-ஆல் பெருக்கி வருவதைக் கூட்டவேண்டும். 80 ஆம்பியரில் 13.2 வோல்ட், அதாவது சுமார் ஒரு கிலோவாட். மெஷினுக்குள் போகும் நஷ்டம், பவர் ஃபேக்டர் எல்லாம் சேர்த்தாலும் 230 வோல்ட் லைனில் 8 ஆம்பியர் அளவுதான் இழுக்கும். 16 ஆம்பியர் சாக்கெட் தாராளமாகத் தாங்கும். அதே மெஷினை 200-இல் வைத்தால் 18 வோல்ட், 3.6 கிலோவாட், லைனில் 28 ஆம்பியர் பக்கம் போய்விடும். அந்த மெஷினிலேயே ராடு போட்டு ஆர்க் வெல்டிங் செய்தால் வோல்டேஜ் இன்னும் 10 கூடும், 160 ஆம்பியருக்கே லைனில் 30 ஆம்பியரைத் தாண்டிவிடும். ஆக, மெல்லிய பைப்புக்கு டிக் என்றால் வீட்டு லைன் பிரச்சனையே இல்லை.

ஆனால் இன்வெர்ட்டர் வகை வெல்டிங் மெஷின் ஆன் செய்த நொடியில் கெபாசிட்டர் நிரம்ப ஒரு இழுப்பு இழுக்கும், சாதாரண பி கர்வ் எம்சிபி சில நேரம் விழும், அந்த நொடி இழுப்பைத் தாங்கும் சி கர்வ் போடுங்கள். போர்டிலிருந்து ஷெட்டுக்குத் தனி லைன், 4 சதுர மி.மீ. காப்பர், ஒழுங்கான எர்த். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகி ஓட்டுகிறேன் என்று யாராவது இங்கே எழுதினால் எனக்குக் கோபம் வரும். அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்று மின் கணக்கில் பார்த்துக்கொள்ளுங்கள், ஏர்கண்டிஷனரும் மோட்டாரும் ஓடும் நேரத்தில் 200-இல் வைத்துச் சுடாதீர்கள்.

#5 சைக்கிள்கிறுக்கன்

நன்றி பியூஸ்கேரியர் சார், பெரிய பயம் போயிற்று. (எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான் மனதில் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.)

கோவை அண்ணா சொல்வதைப் படித்தால் ஏசி/டிசி-தான் சரி என்று தோன்றுகிறது. ஆனால் விலையைப் பார்த்தேன், நம்பி வாங்கக்கூடியது எதுவும் என் பட்ஜெட்டில் இல்லை, இரண்டு மடங்குக்கு மேல் போகிறது. கடன் வாங்கியாவது ஏறிவிடவேண்டுமா?

#6 பாய்லர்தாத்தா

வேண்டாம். உங்கள் அலுமினிய ஆசையைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

அலுமினிய சைக்கிள் ஃபிரேம் பெரும்பாலும் 6061 டி6. அந்த "டி6" என்பது சூட்டில் வைத்து, தண்ணீரில் முக்கி, மறுபடி மிதமான சூட்டில் பல மணி நேரம் வைத்து வரவழைத்த வலிமை. நீங்கள் அதில் ஆர்க் வைத்த உடனே, ஒட்டின இடத்துக்கு இரண்டு பக்கமும் அந்த வலிமை போய்விடும், கிட்டத்தட்டப் பாதி. கம்பெனியில் ஃபிரேம் முழுவதையும் ஒட்டி முடித்த பிறகு மறுபடி அந்தச் சூட்டுவேலையைச் செய்வார்கள். உங்கள் ஷெட்டில் அந்த உலை இருக்கிறதா? இல்லை. பீட் (ஒட்டின கோடு) பார்க்க அழகாக வரும், சைக்கிளும் ஓடும், என்றைக்கோ ஒரு நாள் இறக்கத்தில் ஹெட் டியூப் பக்கத்தில் விட்டுவிடும். கைகூப்பிச் சொல்கிறேன், அலுமினிய ஃபிரேமைத் தொடாதீர்கள்.

அதைக் கழித்துவிட்டால் உங்களிடம் மிச்சம் இருப்பது எஸ்எஸ் கேரியர், இரும்பு ஃபிரேம், குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு) பைப். எல்லாம் டிசி. கோவைக்காரர் ஊர் பம்ப் ஊர், அவருக்கு வார்ப்பு அலுமினியம் வாரம் ஒன்று வரும். உங்களுக்கு வருமா?

#7 கோவைமோட்டார்

தாத்தா சொல்வது ஃபிரேம் விஷயத்தில் சரி, அதை நான் யோசிக்கவில்லை. ஆனால் பிராக்கெட், டேங்க், ஸ்கூட்டர் இன்ஜின் கவர் என்று அலுமினியம் வந்துகொண்டேதான் இருக்கும். சரி, அவர் பட்ஜெட் அவருக்கு. விலை குறைந்த ஏசி/டிசி-யை வாங்குவதைவிட நல்ல டிசி வாங்குவது மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

#8 வெட்டிப்பேச்சு

ஒரு சின்ன சந்தேகம். கேரியர் ஒன்றுக்கு ஆர்கான் பட்டறையில் 300 ரூபாய் வாங்குவான். 30 ஆயிரத்துக்கு நூறு கேரியர். நீங்கள் வாழ்நாளில் நூறு கேரியர் செய்யப் போகிறீர்களா?

#9 சைக்கிள்கிறுக்கன்

கணக்கு போட்டால் மீன்பிடிக்கப் போகிறவனும் சந்தையில்தான் வாங்கவேண்டும். ராத்திரி எட்டு மணிக்கு ஒரு டாக் (சின்னப் பொட்டு ஒட்டு) போட பட்டறை திறந்திருக்காது, அதுவும் ஒரு காரணம்.

#10 ஜூரோங்பிட்டர் (சிங்கப்பூர்)

நான் இங்கே ஷிப்யார்டில் பைப் வேலையில் 14 வருடம். வீட்டு உபயோகத்துக்கு மெஷின் பார்க்கும்போது எதைப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எல்லாரும் மேலே இருக்கும் எண்ணைப் பார்க்கிறார்கள், 200, 250, 315. மெல்லிய வேலைக்காரன் பார்க்கவேண்டியது கீழே இருக்கும் எண். 1 மி.மீ. எஸ்எஸ்-க்கு 30 முதல் 45 ஆம்பியர் போதும், பொதுவாக மில்லிமீட்டருக்கு 40 என்று வைத்துக்கொண்டு அதிலிருந்து கூட்டிக் குறைத்துப் பாருங்கள். ஆக, மெஷின் 10 ஆம்பியரில் ஆர்க் பிடித்து ஆடாமல் நிற்கிறதா? சில மெஷினில் டிஸ்பிளே 10 காட்டும், ஆர்க் தொடங்கும்போது மட்டும் 40-க்குக் குதித்துவிட்டு இறங்கும், அந்த ஒரு குதிப்பிலேயே உங்கள் பைப்பில் ஓட்டை.

அடுத்தது ஆர்க் தொடங்கும் விதம். மூன்று வகை. உரசித் தொடங்குவது, அது டங்ஸ்டன் முனையையும் கெடுக்கும், ஜாபிலும் (ஒட்டும் பொருளிலும்) டங்ஸ்டன் துணுக்கு போய் உட்காரும். லிஃப்ட், தொட்டு எடுத்தால் பிடிக்கும், பரவாயில்லை, பழகலாம். எச்எஃப் (ஹை ஃபிரீக்வென்சி), தொடவே வேண்டாம், பட்டனை அமுக்கினால் பொறி தாண்டிப் பிடிக்கும். வீட்டுக்காரருக்கு எச்எஃப் பெரிய சுகம். நீங்கள் கேட்ட 9 ஆயிரம் "டிக் 200" பெரும்பாலும் ஆர்க் மெஷின்தான், அதோடு ஒரு டார்ச்சைக் கொடுத்து, டார்ச் கழுத்தில் ஒரு வால்வைத் திருகிவிட்டு டிக் என்று எழுதியிருப்பார்கள். உள்ளே கேஸ் சோலனாய்டு (கேஸைத் தானாகத் திறந்து மூடும் வால்வு) இருக்காது. நீங்கள் ஆர்க்கை நிறுத்திய பிறகும் கேஸ் சில நொடி ஓடவேண்டும், பத்து ஆம்பியருக்கு ஒரு நொடி என்பது பழக்கக் கணக்கு, சூடாக இருக்கும் டங்ஸ்டனுக்கும் பீட் முனைக்கும் அதுதான் போர்வை. வால்வு டார்ச்சில் அதைக் கையால் செய்யவேண்டும், மறந்தால் டங்ஸ்டன் கருத்துவிடும், ஞாபகம் வைத்து நீங்கள் நிறுத்துவதற்குள் கேஸ் வீணாகும்.

கடைசியில் கரண்டை மெல்ல இறக்கும் வசதி, டவுன் ஸ்லோப் என்று போட்டிருக்கும். அது இல்லாமல் பட்டென்று விட்டால் பீட் முடியும் இடத்தில் குழி விழும், விரிசல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். பல்ஸ் (கரண்டை மாறி மாறி ஏற்றி இறக்குவது) இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் உலகம் முடிந்துவிடாது. கரண்டைக் காலால் கூட்டிக் குறைக்கும் பெடல் மாட்ட சாக்கெட் இருக்கிறதா என்று பின்னால் பாருங்கள், இன்றைக்கு வாங்கவேண்டாம், பிறகு வேண்டும் என்று தோன்றும்.

#11 மணல்வீடு

எச்எஃப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது ஒரு சின்ன ரேடியோ ஸ்டேஷன் மாதிரி. என் ஷெட்டில் மெஷினுக்கு இரண்டடி தூரத்தில் வைஃபை ரவுட்டர் இருந்தது, ஒவ்வொரு தடவை பட்டனை அமுக்கும்போதும் அது ரீஸ்டார்ட் ஆகி ஆகி ஒரு நாள் எழவே இல்லை. எர்த் கிளாம்பை ஜாபுக்குப் பக்கத்திலேயே போட்ட பிறகு தொல்லை குறைந்தது. இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்தவர்கள் வீட்டில் இருந்தால் அவர்கள் பக்கத்தில் வரக்கூடாது, டாக்டரிடம் கேட்டுவிட்டு மெஷின் வாங்குங்கள்.

அந்த 9 ஆயிரம் மெஷின் கதையும் என்னிடம் உண்டு. பெயர் வேண்டாம். 200 என்று வைத்து கிளாம்ப் மீட்டர் மாட்டினால் 140 காட்டியது. டியூட்டி சைக்கிள் 60 சதவீதம் என்று பெட்டியில் பெரிதாக, 25 டிகிரியில் என்று சின்னதாக. நம் ஊர் ஏப்ரலில் 25 டிகிரி எங்கே இருக்கிறது?

#12 ஜூரோங்பிட்டர்

மணல்வீடு சொன்னது முக்கியம். டியூட்டி சைக்கிள் பத்து நிமிடக் கணக்கு. 200 ஆம்பியரில் 60 சதவீதம் என்றால் ஆறு நிமிடம் சுடலாம், நான்கு நிமிடம் ஆறவிடவேண்டும். வெல்டிங் மெஷினுக்கான சர்வதேசத் தரம் ஐஇசி 60974 படி அதை 40 டிகிரி வெயிலில் சோதித்துச் சொல்லவேண்டும். பின்னால் ஒட்டியிருக்கும் பிளேட்டில் 40 டிகிரி என்று இருக்கிறதா பாருங்கள், பிளேட்டே இல்லாவிட்டால் வெளியே வந்துவிடுங்கள். ஆனாலும் உங்கள் 45 ஆம்பியர் வேலைக்கு எந்த மெஷினும் களைத்துப் போகாது, அதற்கு முன்னால் உங்கள் கை களைத்துவிடும்.

#13 சைக்கிள்கிறுக்கன்

கேஸ் ஏஜென்சி போய் வந்தேன். முதல் இடத்தில் ஜிஎஸ்டி இல்லாதவருக்குக் கிடையாது என்றார்கள். இரண்டாவது இடத்தில் பெரிய சிலிண்டர் மட்டும், வாடகைக்கு, நாள் கணக்கு. மூன்றாவது ஆள் நல்லவர், உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். 10 லிட்டர் சிலிண்டரை நானே சொந்தமாக வாங்கிக்கொள்ளலாம், கொண்டுவந்தால் நிரப்பித் தருவார், இரண்டு நாள் ஆகும். ஆதார் நகல் கேட்டார். பழைய சிலிண்டர் ஒன்று மலிவாக இருக்கிறது என்று வேறொருவர் சொன்னார், வாங்கலாமா?

10 லிட்டர் எத்தனை நாள் வரும்?

#14 பாய்லர்தாத்தா

பழையது என்றால் தோளில் வெட்டியிருக்கும் ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை) தேதியைப் பாருங்கள். ஐந்து வருடம் தாண்டியிருந்தால் நிரப்பமாட்டார்கள், டெஸ்ட் செலவு உங்கள் தலையில். நம்பர் தேய்க்கப்பட்டிருந்தால் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம், அது யாரோ ஒரு ஏஜென்சியின் சிலிண்டர்.

10 லிட்டர், 150 பார் அழுத்தம், பெருக்கினால் 1500 லிட்டர் கேஸ். நிமிடத்துக்கு 8 லிட்டர் விட்டால் மூன்று மணி நேரம் சொச்சம். கேட்டால் கொஞ்சம் மாதிரி இருக்கும், ஆனால் ஆர்க் எரியும் நேரம் அது. வீட்டு வேலையில் ஒரு மணி நேரம் அறுத்து, ராவி, பொருத்திவிட்டு ஐந்து நிமிடம் சுடுவோம். மாதக்கணக்கில் வரும்.

வீட்டுக்குக் கொண்டுவர ஆட்டோவோ காரோ பாருங்கள். இரு சக்கர வண்டியில் கேஸ் சிலிண்டர் கொண்டுபோகக்கூடாது என்று கேஸ் சிலிண்டர் விதிகளிலேயே இருக்கிறது. வீட்டில் சுவரோடு சங்கிலி போட்டு நிறுத்துங்கள். ஆர்கான் காற்றைவிட கனம், வாசனை கிடையாது, தாழ்வான இடத்தில் தங்கும். கதவை மூடிக்கொண்டு கசியும் சிலிண்டரோடு உட்காராதீர்கள். பாய்லர் டிரம்முக்குள் பர்ஜ் கேஸில் (வெல்டிங்குக்காக உள்ளே நிரப்பிய ஆர்கானில்) மயங்கியவரைத் தூக்கி வெளியே கொண்டுவந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

#15 கோவைமோட்டார்

கேஸ் அதிகம் விட்டால் நல்லது என்று நினைத்து 15, 18 என்று திருகாதீர்கள். வேகம் கூடினால் சுழன்று வெளிக்காற்றையும் உள்ளே இழுக்கும், பீட் கெடும். 6 முதல் 8 போதும். டார்ச்சில் கேஸ் லென்ஸ் என்று ஒரு வலைத்தகடு வைத்த பாகம் கிடைக்கும், அதை மாட்டினால் கேஸ் சீராக இறங்கும், டங்ஸ்டனையும் கொஞ்சம் நீட்டி வைத்துக்கொண்டு மூலைகளுக்குள் போகலாம். சில நூறு ரூபாய்தான். மெஷினுக்குச் செலவழித்த காசைவிட அதற்குச் செலவழித்த காசு எனக்கு அதிகம் உழைத்தது.

டங்ஸ்டன் வாங்கும்போது கடைக்காரர் சிவப்பைத்தான் எடுத்துக் கொடுப்பார். அதில் தோரியம் இருக்கிறது, கதிரியக்கம் உள்ளது, முனை தீட்டும்போது வரும் தூசியை மூச்சில் இழுப்பது நல்லதல்ல. நீலம் கேளுங்கள், 2 சதவீத லாந்தனம், டிசி-க்கும் ஆகும், ஏசி-க்கும் ஆகும். உங்கள் வேலைக்கு 1.6 மி.மீ. தீட்டும்போது கோடுகள் நீளவாக்கில் விழவேண்டும், சுற்றி விழுந்தால் ஆர்க் அலையும். அதற்கென்று ஒரு சாணைக்கல்லைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

#16 வெட்டிப்பேச்சு

மெஷின், சிலிண்டர், ரெகுலேட்டர், லென்ஸ், டங்ஸ்டன், சாணை. கேரியர் எண்ணிக்கை இப்போது நூற்றுப்பத்து.

#17 சைக்கிள்கிறுக்கன்

நூற்றுப்பத்தைத் தாண்டிவிட்டது அண்ணே, கீழே பாருங்கள்.

போன சனிக்கிழமை கோவை போனேன். பையில் 1 மி.மீ. எஸ்எஸ் துண்டுகள் பத்து. முதல் கடையில் டெமோ கேட்டதும் "பில் போட்ட பிறகுதான்" என்றார்கள். இரண்டாவது கடையில் சிலிண்டரோடு ஒரு மேஜையே வைத்திருந்தார்கள். இரண்டு மெஷின் ஓட்டிப் பார்த்தேன். விலையில் மூவாயிரம் வித்தியாசம். மலிவானதில் 15-இல் வைத்து பட்டனை அமுக்கினால் ஜூரோங் அண்ணா சொன்ன அதே குதிப்பு, முதல் துண்டிலேயே ஓட்டை. இன்னொன்றில் 10-இல் வைத்தபோது ஒரு குட்டி விளக்கு எரிகிற மாதிரி அமைதியாக நின்றது. அங்கேயே முடிவாகிவிட்டது. டிசி, எச்எஃப், லிஃப்ட் இரண்டும், பல்ஸ், டவுன் ஸ்லோப், பின்னால் பெடல் சாக்கெட். டார்ச் டபிள்யூபி-26, கனமாக இருக்கிறது என்று கேட்டு சின்னதான 17-ஆக மாற்றி வாங்கிக்கொண்டேன், கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. போர்டு போனால் அங்கேயே சரிசெய்யும் ஆள் பின்னறையில் உட்கார்ந்திருந்தார், அவரையும் பார்த்துப் பேசிவிட்டுத்தான் காசு கொடுத்தேன்.

மெஷின் 18,500. புது சிலிண்டர் கேஸோடு 9,000. ஃப்ளோமீட்டர் வைத்த ரெகுலேட்டர் 1,900. ஹெல்மெட் 2,600. டங்ஸ்டன், 308எல் ஃபில்லர் (எஸ்எஸ்-க்கான நிரப்புக் கம்பி), கையுறை, கேஸ் லென்ஸ் எல்லாம் 2,400. மொத்தம் 34,400. வீட்டில் 28 என்று சொல்லியிருக்கிறேன்.

#18 ஜூரோங்பிட்டர்

17 எடுத்தது நல்ல வேலை. அது 150 ஆம்பியர் வரை தாங்கும், உங்களுக்கு மிக அதிகம்.

ஹெல்மெட் தானாகக் கருக்கும் வகை என்றால் குறைந்த ஆம்பியரில் அது உணர்கிறதா என்று பாருங்கள். மலிவானவை ராடு ஆர்க்குக்குக் கருக்கும், 15 ஆம்பியர் டிக் ஆர்க்கை வெளிச்சமாகவே எடுத்துக்கொள்ளாது, அல்லது கை நடுவில் மறைத்தால் திறந்துவிடும். நான்கு சென்சார் இருப்பது நல்லது. கழுத்தையும் கையையும் மூடுங்கள். டிக்கில் பொறி பறக்காது என்று பனியனோடு உட்காருவார்கள், புகையும் மறைக்காததால் புற ஊதாக்கதிர் நேராக மேலே விழும், ராத்திரி தோல் எரியும்.

#19 சைக்கிள்கிறுக்கன்

உதவி! நேற்று ராத்திரி முதல் முறையாக ஷெட்டில் போட்டேன். கடையில் அவ்வளவு அழகாக வந்தது, இங்கே பட்டனை அமுக்கியதும் டங்ஸ்டன் முனை உருண்டையாகத் திரண்டு சொட்டப் பார்க்கிறது, ஆர்க் அங்கும் இங்கும் அலைகிறது, பைப்பில் கறுப்புப் பொடி. கேஸ் 8-இல் இருக்கிறது. மூன்று தடவை தீட்டிவிட்டேன். மெஷின் பழுதா? கடைக்காரருக்கு போன் போடலாமா?

#20 பாய்லர்தாத்தா

போடாதீர்கள், சிரிப்பார். டார்ச் எந்த முனையில் சொருகியிருக்கிறது?

#21 சைக்கிள்கிறுக்கன்

பிளஸ்ஸில். ஆர்க் மெஷினில் ஹோல்டரை அப்படித்தானே... ஓ.

#22 பாய்லர்தாத்தா

ஆர்க்கில் பல ராடுகளுக்கு ஹோல்டர் பிளஸ். டிக்கில் டார்ச் மைனஸ், எர்த் கிளாம்ப் பிளஸ். டிசி-யில் சூட்டின் பெரும்பங்கு பிளஸ் பக்கம் விழும். நீங்கள் டங்ஸ்டனைப் பிளஸ்ஸில் வைத்து, பைப்பை உருக்கவேண்டிய சூட்டில் டங்ஸ்டனை உருக்கியிருக்கிறீர்கள். ராடு பிடித்த கைக்கு இந்தத் தப்பு வரும். நானும் செய்திருக்கிறேன், ஃபோர்மன் பார்க்காத நேரத்தில்.

#23 மணல்வீடு

ஃபேன் ஓடிக்கொண்டிருந்ததா என்பதையும் பாருங்கள், காற்றடித்தால் கேஸ் போர்வை கலைந்துவிடும்.

#24 சைக்கிள்கிறுக்கன்

மாற்றிச் சொருகினேன், மெஷின் வேறு மெஷினாகிவிட்டது. ஃபேனும் ஓடிக்கொண்டுதான் இருந்தது (மணல்வீடு எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?). இப்போது கதவைத் திறந்துவைத்து, ஃபேனை வாசல் பக்கம் திருப்பி வெளியே ஊதவிட்டிருக்கிறேன்.

நான்கு நாளாகச் சும்மா துண்டுகளில் கோடு போட்டேன். ஃபில்லர் இல்லாமல் வெறுமனே உருக்கி நகர்த்துவது மூன்றாம் நாள் பிடிபட்டது. நிறம்தான் குழப்பம். சில இடம் வைக்கோல் மஞ்சள், சில இடம் நீலம், மூலையில் சாம்பல். இன்னொன்று, பைப்பை அறுத்து உள்ளே பார்த்தால் வெல்லப்பாகு பொங்கி ஆறின மாதிரி சொரசொரப்பாக இருக்கிறது.

#25 ஜூரோங்பிட்டர்

மஞ்சள் நல்லது, நீலம் பரவாயில்லை, சாம்பல் என்றால் சூடு அதிகம் அல்லது கேஸ் போதவில்லை. வேகமாக நகருங்கள். நிறுத்திய பிறகு டார்ச்சை உடனே தூக்காதீர்கள், கேஸ் நிற்கும்வரை அதே இடத்தில் பிடியுங்கள்.

உள்ளே பொங்குவது, பின்பக்கம் கேஸ் இல்லாமல் காற்று பட்டதால். பால் பைப், மருந்து பைப் என்றால் அது தள்ளுபடி, உள்ளேயும் ஆர்கான் விட்டுத்தான் ஒட்டுவோம். சைக்கிள் கேரியருக்கு உயிர் போகும் விஷயம் இல்லை. இருந்தாலும் முனைகளைப் பேப்பர் டேப்பால் மூடி ஒரு முனையில் சின்ன டியூபில் கேஸ் விட்டு, மறுமுனையில் ஊசித்துளை வைத்து ஒரு தடவை செய்து பாருங்கள், அறுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

துடைக்க அசிட்டோன் மட்டும். பிரேக் கிளீனர் ஸ்பிரே வேண்டவே வேண்டாம், குளோரின் கலந்த வகையாக இருந்தால் ஆர்க் வெளிச்சத்தில் பாஸ்ஜீன் ஆகும், அது விஷம். ஜிஐ பைப்பிலும் துத்தநாகப் பூச்சை ராவி எடுக்காமல் போடாதீர்கள், ராத்திரி குளிர்க்காய்ச்சல் வரும்.

#26 சைக்கிள்கிறுக்கன்

கேரியர் முடிந்துவிட்டது. பதினான்கு மூட்டு, அதில் மூன்று பார்க்கச் சகிக்காது, அவை அடிப்பக்கம் போய்விட்டன. 12 கிலோ அரிசிப் பையைக் கட்டி பவானி வரை போய் வந்தேன், ஒன்றும் விடவில்லை.

ஒரு கேள்வி மிச்சம். என்னிடம் 1.6 மி.மீ. ஃபில்லர்தான் இருக்கிறது. 1 மி.மீ. பைப்பில் அதை உள்ளே விட்டால் உருகுவதற்குள் சொட்டு குளிர்ந்துவிடுகிறது, ஆம்பியரைக் கூட்டினால் பைப் தொங்குகிறது.

#27 கோவைமோட்டார்

ஃபில்லர் பைப்பைவிட இவ்வளவு தடியாக இருந்தால் அப்படித்தான். 1.2 ஃபில்லர் தேடுங்கள், கிடைக்காவிட்டால் சிஓ2 வெல்டிங் பட்டறையில் 308எல் மிக் கம்பி (சுருளாக வரும் வெல்டிங் கம்பி) 0.8 அல்லது 1.2 இருக்கும், பத்து மீட்டர் கேளுங்கள். ஒரு முனையை வைஸில் பிடித்து, மறுமுனையை டிரில் மெஷினில் மாட்டி இழுத்தபடி மெல்லச் சுற்றினால் நேராகிவிடும். அசிட்டோனில் துடைத்து, அரை மீட்டராக வெட்டிக்கொள்ளுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள், முனை விட்டால் சாட்டை மாதிரி வரும்.

#28 வெட்டிப்பேச்சு

எனக்கும் ஒரு கேரியர் வேண்டும். 300 ரூபாய் தருகிறேன்.

#29 சைக்கிள்கிறுக்கன்

சைக்கிளோடு வாருங்கள் அண்ணே. இன்னும் நூற்றுப்பதினான்கு ஆள் தேவைப்படுகிறது.